நீலமலையில் கேட்ட நாதம் – 17: ஊட்டி கேட்காத விவால்டி

போன அத்தியாயத்தில் வெலிங்டன் ராணுவ பேண்டைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கோத்தகிரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கோடைக்கு வந்து தங்கின துரைமார் பங்களாக்களில் சாயங்காலமானால் விவால்டியும் பாக்கும் வாசித்திருப்பார்களே, அதைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?”

நியாயமான கேள்விதான். பழைய ஊட்டி என்றாலே நம் மனத்தில் ஒரு படம் ஓடுகிறது. கணப்பில் விறகு எரியும், ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, உள்ளே யாரோ ஒரு சீமாட்டி கண்ணை மூடிக்கொண்டு வயலின் வாசிப்பாள். சினிமா இப்படிக் காட்டிக் காட்டி நம்மைப் பழக்கிவிட்டது. என் பதில் அந்த வாசகருக்கு ஏமாற்றமாக இருக்கும். அந்தச் சீமாட்டி வால்ட்ஸ் வாசித்திருப்பாள், போல்கா வாசித்திருப்பாள், ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டும் வாசித்திருப்பாள். விவால்டியை மட்டும் வாசித்திருக்கவே மாட்டாள். அப்படி ஒருவர் இருந்ததே அவளுக்குத் தெரிந்திருக்காது.

தேதிகளைப் பாருங்கள். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைமேல் ஏறியது 1819இல். விவால்டி வியன்னாவில் ஏழையாகச் செத்தது 1741 ஜூலை 28. நடுவில் முக்கால் நூற்றாண்டு. அதற்குள் ஐரோப்பா அவரைச் சுத்தமாக மறந்துவிட்டது. பாக்குக்கும் ஏறக்குறைய அதே கதிதான். பெர்லினில் இருபது வயது மெண்டல்சன், பாக்கின் மத்தேயு பாடுகளைத் தூசி தட்டி மேடையேற்றியது 1829 மார்ச் 11. ஐரோப்பா பாக்கைத் திரும்பப் பார்க்கத் தொடங்கியது அன்றைக்குத்தான் என்று சொல்வார்கள். அதற்கு ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 23ஆம் தேதி, ஊட்டியில் செயின்ட் ஸ்டீபன் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையைப் பிரித்து, அதன் உத்தரங்களை மலையேற்றிக் கொண்டுவந்து கட்டிய கோயில் அது. ஊட்டி என்ற ஊர் எழும்பிய காலமும், விவால்டி, பாக் காலத்துப் பரோக் இசை மண்ணுக்குள் கிடந்த காலமும் ஒன்று. ஒருவர் கண்ணில் மற்றவர் படவே இல்லை.

சமவெளியிலும் நிலைமை வேறில்லை. முத்துசுவாமி தீட்சிதர் சென்னையில் வெள்ளைக்காரர் பேண்டைக் கேட்டு அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று ஏறக்குறைய 40 உருப்படிகள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றில் இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு உண்டு, நாட்டியக் கூடத்து மெட்டுகள் உண்டு. கான்செர்டோவின் வாடைகூட இல்லை. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மணலி முதலியார் ஆதரவில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டதை இத்தொடரின் ஐந்தாம் அத்தியாயத்தில் பார்த்தோம். கப்பலில் நமக்கு வாத்தியம் வந்தது. அந்த வாத்தியத்துக்கென்றே எழுதப்பட்ட மகா உருப்படிகள் வரவில்லை. ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. அவையும் சேர்ந்து வந்திருந்தால் நம் ஆட்கள் வயலினைத் தரையில் உட்கார்ந்து, அதன் தலையைக் கணுக்காலில் சாய்த்து, கமகத்துக்குத் தோதாக வளைத்திருப்பார்களா?

சரி, மண்ணுக்குள் கிடந்தது என்ன என்று பார்ப்போம்.

விவால்டி ஒரு பாதிரியார். செம்பட்டை முடி, அதனால் ‘சிவப்புப் பாதிரி’ என்றே வெனிஸில் பெயர். 1703இல் குருப்பட்டம் வாங்கினார். மார்பு இறுக்கம் என்று சொல்லி, சீக்கிரமே பூசை வைப்பதை நிறுத்திவிட்டார். அதே 1703இல் பியெட்டா என்ற அநாதைப் பெண்கள் இல்லத்தில் வயலின் வாத்தியாராகச் சேர்ந்தார். தொட்டிலில் போட்டுவிட்டுப் போன குழந்தைகள் வளர்ந்த இடம். அந்தப் பெண்கள் கோயில் மாடத்தில், கம்பி வலைக்குப் பின்னால், முகம் சரியாகத் தெரியாமல் நின்று வாசிப்பார்கள். கீழே ஐரோப்பாவின் பிரபுக்கள் காசு கொடுத்து உட்கார்ந்து கேட்பார்கள். அவர்களில் ஒருத்தி அன்னா மரியா. அநாதை என்பதால் குடும்பப் பெயர் கிடையாது, ஆகவே ‘வயலின் அன்னா மரியா’ என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் வாத்தியத்தையோ ஊரையோ பெயருக்கு முன்னால் சேர்த்துச் சொல்கிறோமே, அதே பழக்கம். விவால்டி எழுதிய சுமார் 500 கான்செர்டோக்களில் கிட்டத்தட்டப் பாதி வயலினுக்கு. அவற்றில் பலவற்றை முதலில் வாசித்த விரல்கள் இந்தப் பெண்களுடையவை.

கான்செர்டோ என்றால் ஒருவர் தனி, மற்றவர்கள் கூட்டம். முதலில் கூட்டம் முழுக்கச் சேர்ந்து ஒரு பல்லவியை ஓங்கி அடிக்கும். இதற்கு இத்தாலியில் ரிடர்னெல்லோ, ‘திரும்பி வருவது’ என்று பெயர். பிறகு கூட்டம் ஒதுங்கிக்கொள்ள, தனி வயலின் கிளம்பும். ஓடும், தாவும், ஒரே சொற்கட்டைப் படிப்படியாக இறக்கிக்கொண்டே வரும். சட்டென்று கூட்டம் பல்லவியின் ஒரு துண்டைப் போட்டு அதை நிறுத்தும். மறுபடி தனி. மறுபடி கூட்டம். கச்சேரியில் கல்பனாஸ்வரம் பாடுகிறவர் எங்கெங்கோ சுற்றிவிட்டு எடுப்பில் வந்து விழும்போது நம் தலை தானாக ஆடுகிறதே, அந்த ஆட்டம் இங்கேயும் வரும். விவால்டியை முதல்முறை கேட்கிற தமிழ்க் காது மிரளாமல் உட்கார்ந்துவிடுவதற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி. பெரிய பெரிய சிம்பொனிகளில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் தொலைந்துபோகிற நாம் இங்கே தொலைவதில்லை. வீடு எங்கே என்று முதல் அரை நிமிஷத்திலேயே காட்டிவிடுகிறார்கள்.

ஆனால் ஒப்பிட்டதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் பல்லவி எத்தனை தடவை திரும்பினாலும் அதே சுருதியில்தான் திரும்பும். தம்பூரா அசையாது. அவர்களுடைய ரிடர்னெல்லோ ஒவ்வொரு தடவையும் வேறொரு சுருதியில் வந்து நிற்கும். முதலிலும் கடைசியிலும் மட்டும்தான் வீட்டுச் சுருதி. நடுவில் அதே பாட்டு பக்கத்துத் தெருவில் கேட்கும், எதிர்மலையில் கேட்கும். இன்னொன்று, அடியில் செல்லோவும் ஹார்ப்சிகார்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அது நம் சுருதிப் பெட்டி மாதிரி ஒரே இடத்தில் நிற்பதில்லை. காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அஸ்திவாரம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த நடைதான் பரோக்கின் உயிர். பின்னால் வந்தவர்கள் வேகத்தை இழுத்தும் தளர்த்தியும் உருகுவார்கள். விவால்டி உருகுவதானாலும் தாளம் பிசகாமல்தான் உருகுவார்.

வாத்தியமும் இன்றைய வயலின் அல்ல. ஆட்டுக் குடலைத் திரித்த நரம்புத் தந்தி. வில் குட்டை, அதன் கம்பு வெளிப்புறமாக வளைந்திருக்கும். முகவாய்க்கட்டைக்கு முட்டுக் கிடையாது. அதை 1820 வாக்கில்தான் ஸ்போர் என்ற ஜெர்மன் வித்வான் கண்டுபிடித்தார். பரோக் வயலின் வாசிக்கிற ஒருவர் சில வருஷங்களுக்கு முன் குன்னூரில் ஒரு நண்பர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்தார். அக்டோபர் மாதம், அடைமழை. காலையில் பெட்டியைத் திறந்தால் நான்கு தந்தியும் நான்கு திசையில் நிற்கிறது. பிருடை ஈரத்தில் ஊதி, திருப்பினால் திரும்பமாட்டேன் என்கிறது. மனுஷர் அரைமணி நேரம் சுருதி சேர்ப்பார், ஐந்து நிமிஷம் வாசிப்பார், மறுபடி சுருதி சேர்ப்பார். “வெனிஸும் தண்ணீருக்குள் இருக்கிற ஊர்தானே, அந்தப் பெண்களும் இப்படித்தான் அவதிப்பட்டிருப்பார்கள்” என்று சொல்லிச் சிரித்தார். அந்த ஐந்து நிமிஷத்தில் கேட்ட ஓசை வேறு ஜாதி. கம்பித் தந்தியின் மினுமினுப்பு இல்லை. தொண்டை கரகரக்கிற ஒரு மனிதக் குரல் போல இருந்தது.

இந்தியாவைப் பற்றிய தொடரில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. விவால்டியின் வயலின் கான்செர்டோக்களில் ஒன்றுக்கு, அதன் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றில், ‘பெரிய மொகல்’ என்று பெயர் போட்டிருக்கிறது. டெல்லிப் பாதுஷாதான். ஔரங்கசீப் 1707இல் இறந்தார். மொகலாய தர்பாரின் வைரமும் யானையும் ஐரோப்பாவில் வாய்க்கு வாய் பேசப்பட்ட காலம். இதுபோக, புல்லாங்குழலுக்கும் ‘பெரிய மொகல்’ என்று ஒன்று எழுதியிருந்தார். பிரான்ஸ், ஸ்பெயின், இங்கிலாந்து என்று தேசத்துக்கு ஒன்றாக எழுதிய வரிசையில் அது இந்தியாவின் பங்கு. காணாமல் போய்விட்டது என்றிருந்தவர்களுக்கு 2010இல் எடின்பரோ ஆவணக் காப்பகத்தில், ஒரு பிரபு குடும்பத்தின் பழைய தாள்களுக்கு நடுவே கிடைத்தது.

வயலின் ‘மொகல்’ அசாத்தியமான உருப்படி. முதல் பாகத்தின் முடிவிலும் கடைசிப் பாகத்தின் முடிவிலும் கூட்டம் வாய்மூடி நிற்க, தனி வயலின் தன்னந்தனியாக நிமிஷக் கணக்கில் ஓடுகிறது. தனி ஆவர்த்தனத்துக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் காபி குடிக்கப் போகிற நேரம் போல. நடுப் பாகம்தான் என்னைத் தூக்கிப் போட்டது. அங்கே மெட்டு என்று ஒன்றும் இல்லை. அடியில் ஒரு ஸ்வரக்கூட்டு நிற்கும், மேலே வயலின் தாளத்துக்குள் அடங்காமல் பேசிக்கொண்டே போகும். நிறுத்தும், யோசிக்கும், ஒரு ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வரும். ஆலாபனை! பெயரையும் இதையும் சேர்த்துப் பார்த்து, விவால்டி எங்கேயோ நம் சங்கீதத்தைக் கேட்டிருக்கிறார் என்று கட்டுரை எழுதிவிட ஆசையாகத்தான் இருந்தது. எழுதினால் பொய்யாகிவிடும். அது இத்தாலிய ஓபராவில் வசனத்தைப் பாட்டாகச் சொல்கிற பாணி, அதை வயலினுக்கு மாற்றியிருக்கிறார், அவ்வளவே. அதில் இந்திய மெட்டு ஒரு துளியும் இல்லை. இரண்டு ஊரில் இரண்டு பேர் தாளத்தை இறக்கி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால் ஒரே மாதிரிதான் பேசுவார்கள் போலிருக்கிறது.

இந்த மொகலைப் பிடித்துக்கொண்டவர் பாக். ஜெர்மனியில் வைமார் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தபோது விவால்டியின் கான்செர்டோக்கள் அவர் கைக்கு வந்தன. ஆம்ஸ்டர்டாமில் 1711இல் அச்சாகிப் புகழ்பெற்றிருந்த தொகுப்பிலிருந்து சிலவற்றை எடுத்தார். மொகலையும் எடுத்து, வயலினும் கூட்டமும் செய்கிற அத்தனையையும் ஒற்றை ஆளாக ஆர்கனில் வாசிக்கிற மாதிரி மாற்றி எழுதினார். காப்பி அடித்துக் கற்றுக்கொள்வது பெரிய மனிதர்களின் வழக்கம். அந்தப் பயிற்சிக்குப் பின் வந்தவைதான் அவருடைய சொந்த வயலின் கான்செர்டோக்கள். இரண்டு வயலின்களுக்கான டி மைனரின் நடுப்பாகத்தைக் கேட்காதவர்கள் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். ஒரு வயலின் ஒரு வரியைத் தொடங்குகிறது. அது முடியுமுன் இன்னொன்று அதே வரியை வேறொரு சுருதியில் எடுக்கிறது. அண்ணன் தம்பி சேர்ந்து பாடும் கச்சேரியில் யார் குரல் எது என்று தெரியாமல் போகும் ஒரு கட்டம் வருமே, அது இங்கே ஆறேழு நிமிஷம் நீடிக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், உலகம் விவால்டியை மறந்திருந்த காலத்தில் பாக்கின் பிரதிகளில்தான் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. பாக் மாற்றி எழுதிய அசல் யாருடையது என்று பண்டிதர்கள் தேடினார்கள். 1926இல் வட இத்தாலியில் ஒரு சலேசிய சபைப் பள்ளி, கட்டடத்தைப் பழுது பார்க்கப் பணம் வேண்டி, பரணில் கிடந்த பழைய இசைக் கட்டுகளை விற்கப் பார்த்தது. சலேசியர் என்றால் நம் ஊர் டான் பாஸ்கோ பள்ளிக்காரர்கள், 1906இல் தஞ்சாவூருக்கு வந்தவர்கள். துரின் தேசிய நூலகத்தார் கட்டைப் பிரித்தால் 14 தொகுதிகள் விவால்டி. வாங்க அரசிடம் காசில்லை. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பங்குத் தரகர், ஃபோவா, மகன் நினைவாக வாங்கிக் கொடுத்தார். தாள்களின் எண் வரிசையைப் பார்த்தால் பாதியைக் காணோம். ஜெனோவாவில் ஒரு பிரபு குடும்பத்திடம் மீதி இருந்தது. 1930இல் அதையும் வாங்கித் தந்தவர் ஜோர்டானோ, ஜவுளி ஆலை முதலாளி. அவரும் மகனைப் பறிகொடுத்தவர். இன்றும் அந்தத் தொகுதிகள் ஃபோவா, ஜோர்டானோ என்ற பெயர்களில், அந்த இரண்டு பிள்ளைகளின் நினைவாகவே இருக்கின்றன. கடைகளிலும் லிஃப்டுகளிலும் டெலிபோன் காத்திருப்பிலும் விவால்டி ஒலித்து நமக்குச் சலித்தே போய்விட்டார். அவர் திரும்பி வந்த வழி இது.

1947 கடைசியில் நியூயார்க்கில் லூயிஸ் காஃப்மன் ‘நான்கு பருவங்க’ளைப் பதிவு செய்தார். 1955இல் இத்தாலியின் இ முசிச்சி குழு பதிவு செய்தது. அதன்பின்தான் வெள்ளம். அந்த இசைத்தட்டுகள் வந்தபோது ஊட்டியில் துரைமார் பெட்டி கட்டிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது இதைத்தான்: இந்த மலையில் பரோக் கான்செர்டோ வெள்ளைக்காரனோடு வந்து வெள்ளைக்காரனோடு போன சரக்கு அல்ல. அவன் போன பிறகு நம்மிடம் வந்தது.

வந்த வழிகளில் பெரிய வழி கோடம்பாக்கம். 1986இல் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ கேசட் வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் என்று போட்டிருந்தது. எனக்கு அப்போது கல்லூரி வயசு. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து கேசட் கடையில், சினிமாப் பாட்டு என்று நினைத்து வாங்கி வந்து, பாட்டே இல்லையே என்று முழித்தேன். அதில் பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாக ஒரு உருப்படி. வி. எஸ். நரசிம்மனின் வயலின் மூச்சுவிடாமல் ஓட, சுற்றிலும் மற்ற தந்திகள் புதிதாகப் பேசும். அந்த ஓட்டம் பாக்கின் அசல். தனி வயலினுக்கு அவர் 1720இல் எழுதி வைத்த ஈ மேஜர் பார்ட்டீட்டாவின் முதல் பகுதி. கூட்டம் இளையராஜாவினுடையது.

பாக்கைத் தொடலாமா என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. பாக்கே தொட்டிருக்கிறார். 1731இல் லைப்சிக் நகர சபைக்கு எழுதிய பாட்டுக்கு முன்னுரையாக இதே வயலின் பகுதியை எடுத்து, ஆர்கனிடம் கொடுத்து, சுற்றிலும் தந்திகளும் எக்காளமும் முரசும் வைத்து, ஒரு கான்செர்டோ போலவே ஆக்கிவிட்டார். தனியாக ஓடும் ஒரு வரியைக் கேட்டதும் அதற்கு ஒரு கூட்டம் சேர்க்கத் தோன்றுவது பரோக் மூளையின் குணம். பண்ணைப்புரத்துக்காரருக்கும் அந்த மூளை வாய்த்திருந்தது. அவர் இசையமைத்த ‘மூன்றாம் பிறை’க்காகக் கேத்தி ஸ்டேஷனில் கமல் அழுத இடத்தைப் பார்க்க ஊட்டிக்கு வண்டியேறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதே கேத்திக்கு 1840களில் ஜெர்மன் பேசும் பாசல் மிஷன்காரர்கள் தங்கள் ஊர்க் கோயில் பாட்டுகளோடு வந்து குடியேறினார்கள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன்.

‘நான்கு பருவங்க’ளைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் அடிக்க வருவீர்கள். 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான 12 கான்செர்டோக்களில் முதல் நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிதை, எந்த வரி எங்கே ஒலிக்கிறது என்ற குறிப்போடு. வசந்தத்தின் நடுப்பாகத்தில் இடையன் தூங்குகிறான், அவன் நாய் குரைக்கிறது. குரைப்பது வயோலாவின் வேலை. அழகான மெட்டுக்கு அடியில் ‘லொள் லொள்’ என்று இரண்டே ஸ்வரம், விடாமல். நீலகிரியில் நமக்கு நான்கெல்லாம் கிடையாது. ஃபர்ஸ்ட் சீசன், செகண்ட் சீசன், இரண்டே. ஏப்ரல், மே முதலாவது. செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது. மற்றதெல்லாம் வியாபாரம் இல்லாத மாசம். ஆனால் விவால்டியின் குளிர்காலம் இங்கே இருக்கிறவனுக்கு நன்றாகவே புரியும். முதல் பாகத்தில் ஒரே ஸ்வரத்தை எல்லாரும் நடுங்கி நடுங்கி வாசிப்பது தலைகுந்தாவில் ஜனவரி காலை ஆறு மணிக்கு பஸ்ஸுக்கு நிற்கிறவனின் பல்.

அதன் நடுப்பாகம் 18 அளவைகள்தான், இரண்டு நிமிஷம்கூட வராது. வெளியே மழை, உள்ளே ஒருவன் கணப்பருகே. கூட்டத்து வயலின்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் தந்தியைச் சுண்டுகின்றன. அது மழைத்துளி. மேலே தனி வயலின் அவசரமே இல்லாத ஒரு மெட்டை வாசிக்கிறது. கச்சேரி மண்டபத்தில் கேட்பதைவிட இதைத் தகரக் கூரைக்குக் கீழே கேட்க வேண்டும்.

போன ஐப்பசியில் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து நிறுத்தவர். ஈர இலைக்கு எடையில் தண்ணீர் கழிப்பதில் அவர் கை கண்டிப்பு என்று லயனில் இன்றும் சொல்வார்கள். திண்ணையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்.

“என்ன தம்பி, டொக்கு டொக்குன்னு?”

“மழைண்ணே. வயலின்லயே மழை பெய்ய வெச்சிருக்கார்.”

இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். கூரைமேல் நிஜ மழை வலுத்ததால் ஒலியைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது. சுண்டல் நின்றதும் அவர் தலையை ஆட்டினார்.

“இது தூத்தல். இதுக்கெல்லாம் நூத்துக்கு அஞ்சுக்கு மேல கழிக்க மாட்டோம்.”

(தொடரும்)